பந்தும் பரமனும்

குற்றாலத்துக்கு அருவி உண்டு. அது நாடறிந்த செய்தி. குற்றாலத்துக்கு ஒரு பந்தும் உண்டு. அது ஏடறிந்த செய்தி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலே இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலே, தலைவி வசந்தவல்லி பந்தாடிக்கொண்டே நம் முன் வருகிறாள். பந்து துள்ளுகிறது, சொல் துள்ளுகிறது, படிப்போர் உள்ளமும் உடன் துள்ளுகிறது. சந்தத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. மாணவர்க்குப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் அந்த அழகை உணர்ந்தே சொல்கிறோம். ஆனால், சுவைத்து முடித்தபின் ஒரு கேள்வி எழுகிறது: அந்தப் பந்து பிறகு என்ன ஆயிற்று?

திரிகூடநாதர் உலா வருகிறார், வசந்தவல்லி காண்கிறாள், மையல் கொள்கிறாள். நிலவை நோகிறாள், தென்றலை வைகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், குறத்தியிடம் குறி கேட்கிறாள். ஆட்டம் மட்டும் தொடரவில்லை. ஆண்டவனைக் காணும்வரை ஆட்டம், கண்டபின் வாட்டம்! பந்து அங்கே பரமன் வருகைக்கு எழுதப்பட்ட முன்னுரை. முன்னுரை முடிந்ததும் மூலையிலே போடப்பட்டது. அந்த நூலுக்குப் பரிசாக மதுரை மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கினார். ‘குறவஞ்சி மேடு’ என்று அதற்குப் பெயர். பந்தாடும் பெண்ணைப் பாடிய பாட்டுக்கு நிலம் கிடைத்தது. பந்தாடும் பெண்ணுக்கு ஒரு திடல் கிடைத்ததா?

பந்தைப் பரமனுக்கு முன்னுரையாக்கும் இந்த வழக்கம் நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்தும் அது உண்டு. கூடைப்பந்துப் பயிற்சியாளராக அயல்நாடு சென்று, ஆட்டத்தின் வழியே கிறிஸ்து மார்க்கத்தைப் பரப்புவதை ஒரு திருப்பணியாகவே கொண்டவர்கள் நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் உலவி வருகின்றனர். இன்றும் உலவுகின்றனர். அந்தப் பணியை வெறும் வசையாலும் அளக்க வேண்டாம், வெறும் வாழ்த்தாலும் அளக்க வேண்டாம். இரண்டு கேள்விகளால் அளப்போம். ஒன்று, விலை: ஆட்டம் கற்றுக் கொடுப்பவர் அதற்கு ஈடாக எதைக் கேட்கிறார்? மற்றொன்று, வாசல்: ஆடுகளத்துக்குள் யார் யாரை விடுகிறார்?

கூடைப்பந்தின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். அதனைப் படைத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டவர், மான்ட்ரியலிலே இறையியல் பயின்று 1890இல் தேறியவர். மார்க்கக் கல்வி கற்கும் ஒருவர் முரட்டு ஆட்டம் ஆடலாமா என்று கலங்கி, உடன் பயின்றோர் அவருடைய ஆன்மாவுக்காகக் கூடிப் பிரார்த்தனை செய்தார்களாம்! அவரோ பிரசங்க மேடையை விட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். பயிற்சிக் கூடத்தின் வழியாகவே மக்களை ஆண்டவர்பால் சேர்க்க முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. அமெரிக்காவிலே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம், அதாவது நாம் ஒய்.எம்.சி.ஏ. என்று சொல்லும் சங்கம், பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்திற்று. 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே அங்கே அடங்காத மாணவர் பதினெண்மர் அவர் பொறுப்பில் விடப்பட்டனர். கூரைக்குக் கீழே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைப் பதினான்கு நாளில் காண வேண்டும் என்பது தலைமையாசான் லூதர் குலிக் இட்ட கட்டளை.

நெய்ஸ்மித் எழுதிய ‘கூடைப்பந்து: அதன் தோற்றமும் வளர்ச்சியும்’ என்னும் நூல், அவர் 1939இல் மறைந்தபின் 1941இல் வெளிவந்தது. பகுத்தறிவாளர் படிக்கத்தக்க நூல் அது. ஏன் தெரியுமா? இறையியல் பயின்ற அந்த மனிதர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும்போது எந்தத் தேவதூதரையும் அழைக்கவில்லை. கனவில் காட்சி கிடைத்தது என்று கதைக்கவில்லை. கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடவைத்துப் பார்த்தேன், பயனில்லை. லாக்ராஸ் என்னும் ஆட்டத்தை ஆடவைத்துப் பார்த்தேன், பயனில்லை என்று தோல்விகளை எண்ணிச் சொல்கிறார். பிறகு காரண காரியம் ஆராய்கிறார். ஆளை மடக்கி வீழ்த்துவது ஏன் நேர்கிறது? பந்தோடு ஓடுவதால். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது. பந்தை ஏன் மூர்க்கமாக எறிகிறார்கள்? இலக்கு நேரெதிரே நிற்பதால். அப்படியானால் இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைப்போம். வேகம் வேலைக்காகாது, விவேகம் வேண்டும். இப்படிப் பிறந்தன பதின்மூன்று விதிகள்.

இலக்குக்காக அவர் காவலாளியிடம் கேட்டவை இரண்டு பெட்டிகள். கிடைத்தவையோ பீச் பழக் கூடைகள். பத்தடி உயரத்திலே அவற்றை ஆணியடித்து மாட்டினார். பெட்டி கிடைத்திருந்தால் இன்று உலகம் பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்! தற்செயலுக்குத் தெய்வச் செயல் என்று பெயரிடும் பழக்கமுடையோர் இந்த ஒரு நிகழ்ச்சியை ஓர்ந்து பார்க்கட்டும்.

அந்தக் கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தது. ஒவ்வொரு முறை பந்து விழுந்தபோதும் ஒருவர் மேலே ஏறி எடுத்துத் தர வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் அப்படியே ஆடினார்கள். பிறகு அடியைத் திறந்துவிட்டார்கள். பந்து தானே கீழே வந்தது. பெண்களும் 1892 முதலே ஆடத் தொடங்கினர். அவர்கள் களைத்துவிடக் கூடாதென்று ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் களத்தை மூன்று கூறாக்கி, கூறு விட்டுக் கூறு தாண்டாதே என விதி செய்தார். பெண் களைப்பாள் என்னும் எண்ணம் பொய்யென்று பெண்களே ஆடிக் காட்டியபின் அந்தக் கோடுகளும் அழிந்தன. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலே பெண்கள் கூடைப்பந்து இடம்பெற்றது. விதி மனிதன் செய்தது. ஆகவே மனிதன் திருத்தினான். வேதம் என்று பெயரிட்டுவிட்டால் அடிப்பாகத்தைத் திறக்க விடுவார்களா? திறக்கத் துணிந்தவனைத் தீயிலன்றோ இட்டிருப்பார்கள்!

இதுவே நாம் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை. மார்க்கம் பரப்பக் கிளம்பியவர் கையிலே இருந்த பந்து, மார்க்கத்தின் முறையால் பிறந்ததன்று. அறிவின் முறையால் பிறந்தது.

அந்தப் பந்து இந்தியாவுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. முதல் ஆட்டத்தில் ஆடிய பதினெண்மருள் ஒருவரான டங்கன் பேட்டன் 1894இல் சங்கப் பணியாளராக இங்கு வந்தார். தமிழ்நாட்டுக்கு உரிய பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்கர், ஸ்பிரிங்ஃபீல்டிலே பயின்றவர், 1919இல் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கல்லூரியாக வளர்ந்து நந்தனத்திலே இன்றும் நிற்கிறது அது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியை மேலாளராக இருந்து அழைத்துப் போனவர் அவர். 1943இல் சென்னையிலேயே மறைந்தார்.

பக் செய்த பணியை விலைக் கேள்வியால் அளந்து பாருங்கள். அவர் உருவாக்கியது ஓர் அணியை அன்று, ஆசிரியர் கூட்டத்தை. ‘டிரில் மாஸ்டர்’ என்று நம் பள்ளிகளில் அழைக்கப்பட்ட மனிதருக்குப் படிப்பு, பட்டம், பாடத்திட்டம் எல்லாம் உண்டு என்னும் நிலையை உண்டாக்கினார். மேலைநாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் இடம் தந்தார். அங்கே கற்றவர்கள் ஊதுகுழலோடும் விதி நூலோடும் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவரவர் மதம் அவரவரோடு இருந்தது. மதமே வேண்டாதவர்க்கும் கற்ற தொழில் கையில் இருந்தது. பக் தம் மார்க்கத்தை மறைத்தாரல்லர். அவருடைய சங்கத்தின் பெயரே அதைப் பறைசாற்றும். எனினும், அவர் விட்டுச் சென்ற பொருள், ஏசுவை ஏற்காதவனுக்கும் அப்படியே பயன்படும் பொருள். பெற்றுக்கொண்டவன் நன்றி சொல்லலாம், கடனாளியாக வேண்டியதில்லை.

காஷ்மீரத்திலே நடந்தது வேறு வகை. 1890இல் ஸ்ரீநகர் சென்ற பாதிரியார் டிண்டேல் பிஸ்கோ, அடுத்த ஆண்டிலே தம் பள்ளியில் கால்பந்தை அறிமுகப்படுத்தினார். மாணவர்கள் பிராமணப் பிள்ளைகள். பந்து எதனால் ஆனது? தோலால். தோலைத் தொட்டால் தீட்டு! ஆட மறுத்தனர். கம்பு பிடித்த ஆசிரியர்களைச் சுற்றிலும் நிறுத்தி ஆடவைத்தார் பிஸ்கோ. ஒருவன் முகத்திலே பந்து பட்டது. தீட்டுப்பட்டேன் என்று அழுதான். நீரிலே முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது. இந்தக் கதையை அவரே பெருமையோடு எழுதியிருக்கிறார். தோல் பந்து ஒன்று தொட்டவுடன் ஆட்டம் காணும் புனிதம் எத்தகைய புனிதம் என்று நாம் நகைக்கலாம். ஆனால் அந்தக் கம்பையும் கவனிக்க வேண்டும். தீட்டை ஒழிக்கத் தடியைத் தூக்கியவர், தீட்டு என்பது மூடத்தனம் என்பதை மாணவன் மூளைக்குப் புரியவைத்தாரா? முகத்தைக் கழுவிவிட்டு வா என்றார். ‘கழுவ ஒன்றுமே இல்லை’ என்று சொல்லவில்லையே!

மூன்றாவது வகை ஒன்றுண்டு. 1952ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டெய்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டான் ஓடில், மாணவர் அணியொன்றைத் தைவானுக்கு அழைத்துப் போனார். ‘வெற்றிக்கான முயற்சி’ என்னும் பொருள்படப் பெயரிட்ட பயணம் அது. பகலிலும் மாலையிலும் ஆட்டம். ஆட்டத்தின் இடைவேளையிலே பிரசங்கம். ஆட்டக்காரர்களே பாடினர், சாட்சி சொன்னர், சுவிசேஷம் உரைத்தனர். பின்வந்த ஆண்டுகளிலும் ஆசிய நாடுகளில் அந்தப் பயணங்கள் தொடர்ந்தன. 1966இல் அமெரிக்காவிலே தோன்றிய ‘அத்லெட்ஸ் இன் ஆக்ஷன்’ போன்ற அமைப்புகள் அதே வழியை உலகளவில் விரித்தன.

அந்த இளைஞர்கள் வஞ்சகர் என்று நாம் சொல்லவில்லை. கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்து, நம்பிய ஒன்றுக்காக நாடு கடந்தவர்கள் அவர்கள். மார்க்கத்தை எடுத்துரைக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. அதை மறுக்கும் உரிமை நமக்கு இருப்பது போலவே. நம் வழக்கு அதுவன்று. பந்து பார்க்க வந்த கூட்டம், பாதி ஆட்டத்திலே எழுந்து போகவும் மாட்டாது, மறுத்துப் பேசவும் மாட்டாது. அந்த நேரம் பார்த்துப் பேசுவது என்ன நியாயம்? கடையிலே விற்கும் சரக்கின் பெயரைப் பலகையிலே எழுதுவது வணிக நாணயம். பந்தாட்டம் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே பரலோகம் விற்பதா? வசந்தவல்லியின் பந்தாட்டத்தை நிறுத்தியது திரிகூடநாதர் உலா. தைவானில் ஆட்டத்தின் இடையிலே புகுந்தது சுவிசேஷ உலா. ஊர் வேறு, தெய்வம் வேறு, உத்தி ஒன்றே.

அந்த உத்தி பலித்ததா? வரலாறு கூறும் விடை வேடிக்கையானது. பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அமெரிக்கர் ஆட்சிக் காலத்திலே, 1910ஐ ஒட்டி, புராட்டஸ்டன்டுப் பணியாளர்கள் கூடைப்பந்தைக் கொண்டுபோயினர். அந்நாட்டார் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டனர். 1954 உலகப் போட்டியிலே மூன்றாமிடமும் பெற்றனர். மார்க்கத்திலோ பெரும்பாலோர் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டனர்! சீனத்துக்கு 1895இல் தியான்ஜின் நகர ஒய்.எம்.சி.ஏ. வழியே கூடைப்பந்து சென்றது. 1949க்குப் பின் அயல்நாட்டுப் பாதிரிமார் வெளியேறினர், பந்து வெளியேறவில்லை. பொதுவுடைமைப் படைவீரர்களும் அதை ஆடினர். கொண்டுவந்தவர் கருதியது ஒன்று. பெற்றுக்கொண்டவர் எடுத்துக்கொண்டது மற்றொன்று. மக்கள் அறிவற்ற மந்தையல்லர். உமியை ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

இனி வாசல் கேள்வி. இதுவே வலிய கேள்வி.

சகோதரத்துவம் போதிக்கப் பந்தோடு அயல்நாடு புறப்பட்டவர்களின் சொந்த வீட்டு வாசல் எப்படி இருந்தது? நெய்ஸ்மித் பிற்காலத்தில் பணியாற்றிய கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் படிக்க வந்தார். கூடைப்பந்தைப் படைத்தவரிடமே பாடம் கற்றார். ஆனால் பல்கலைக்கழக அணியிலே ஆட அவருக்கு இடமில்லை. தோலின் நிறம் தடை! அவர் நீந்திய குளத்து நீரை இறைத்துக் கொட்டினார்கள். கேட்கும்போதே நம் ஊர்க் கிணறுகளும் குளங்களும் நினைவுக்கு வரவில்லையா? நெய்ஸ்மித் அவருக்குத் துணை நின்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. மெக்லெண்டன் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். 1944இல் வட கரோலினாவின் டர்ஹாம் நகரிலே, அவருடைய கறுப்பின மாணவர் அணியும் டியூக் பல்கலைக்கழக வெள்ளை மாணவர் அணியும் கதவைப் பூட்டிக்கொண்டு, ஊரறியாமல் ஓர் ஆட்டம் ஆடின. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுதும் தேவாலயத்திலே இருந்த வேளை! சமத்துவம் அன்று கோயிலுக்குள் இல்லை. பூட்டிய பயிற்சிக் கூடத்துக்குள் இருந்தது. கறுப்பின மாணவர் பெருவெற்றி பெற்றனர். அந்த வெற்றியைப் பத்திரிகையில் போடக்கூட முடியவில்லை.

அமெரிக்கன் வாசலைக் குறைகூறி மகிழ்வதோடு நிற்போமானால் நாம் பகுத்தறிவாளர் அல்லோம். நம் வாசலுக்கு வருவோம்.

“பந்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள்!” என்று கூக்குரலிடுவோர் நம் நாட்டில் உண்டு. அவர்கள் கேட்பது விலைக் கேள்வி மட்டுமே. வாசல் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். தென்காசியை அடுத்த மீனாட்சிபுரத்திலே 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் தாழ்த்தப்பட்ட மக்கள் பல நூற்றுவர் இஸ்லாத்தைத் தழுவினர். அங்கே எந்தப் பயிற்சியாளர் பந்து உருட்டினார்? எந்த இடைவேளையில் பிரசங்கம் நடந்தது? காலங்காலமாக மூடப்பட்டிருந்த வாசலன்றோ அவர்களை வேறு வாசல் தேட வைத்தது! அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போவானேன்? 2022 செப்டம்பரிலே நம் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சாதி காரணமாகத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் செய்தியை நாடே பார்த்தது. மிட்டாய்க்கு வாசல் மூடும் ஊரிலே, பந்துக்கு வாசல் திறக்குமா?

பள்ளியிலே என்ன காண்கிறோம்? நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர் மணிக்கட்டிலே வண்ண வண்ணக் கயிறுகள். மஞ்சள் ஒரு சாதி, பச்சை ஒரு சாதி, சிவப்பு ஒரு சாதி. 2019இலேயே கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயிலும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையிலே, கயிறும் வேண்டாம், நெற்றிக் குறியும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இங்கேதான் கூடைப்பந்தின் ஆதி விதிகளுள் ஒன்று நமக்குப் பொருள் தருகிறது. பந்தோடு ஓடாதே, அடுத்தவனுக்கு அனுப்பு! பந்தைத் தட்டிக்கொண்டு செல்லும் முறை பின்னர் வந்தது. ஆதியிலே இருந்தது அனுப்புவது ஒன்றே. ஓர் அணியிலே ஐவர். கூடையின் அடியிலே நிற்பவன் எவன் என்று பார்க்க வேண்டும். எந்தத் தெருவினன் என்று பார்க்க நேரமில்லை. பார்த்து நின்றால் பந்து பறிபோகும். மணிக்கட்டிலே கயிறு கட்டியவன், எதிர்க் கயிறு கட்டியவனுக்குப் பந்தை அனுப்பித்தான் ஆக வேண்டும். ஒரு முறை அனுப்பினால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்லும் பேதைமை நமக்கு இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போவர். ஆனால், நாள்தோறும் ஒரு மணி நேரம் சாதியை நினைக்க நேரமில்லாத இடம் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட இடம் ஊரிலே வேறு எது இருக்கிறது? கோயிலா? திருவிழாவா?

பெண் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறக்க வேண்டும். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டுக் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஊர்தோறும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பருவமெய்தியதும், ‘இனி என்ன விளையாட்டு?’ என்று வீட்டார் சொல்லும் ஒரு சொல்லிலே அவர்கள் ஆட்டம் முடிகிறது. வசந்தவல்லியை வர்ணிக்கும் நாடு, வீட்டுப் பெண்ணின் கையிலிருந்து பந்தைப் பிடுங்குகிறது.

தோழர்களே! பாதிரியார் பந்து கொண்டுவந்தார் என்று ஏசுவது எளிது. நாம் என்ன கொண்டு போனோம் என்று கேட்டுக்கொள்வது கடினம். மேடை போட்டோம், பேசினோம், தேவைதான். மாலை நேரத்திலே திடலுக்குப் போனோமா? ஹாரி பக் என்னும் அயல்நாட்டார் இருபத்து நான்கு ஆண்டு இந்த மண்ணிலே இருந்து ஆசிரியர்களை ஆக்கினார். அவருக்கு ஆண்டவன் கட்டளை என்னும் தூண்டுகோல் இருந்தது. நமக்கு அது வேண்டாம். மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடன் என்பது போதாதா? போதும் என்று காட்டுவதற்கு, பேச்சைவிடத் தக்க சான்று ஒரு திடல்.

இரண்டு மரக் கம்பம், இரண்டு இரும்பு வளையம், ஒரு பந்து, மாலையிலே ஒரு மணி நேரம். விலை கேட்காதீர்கள்: கடவுள் இல்லை என்று சொன்னால்தான் பந்து என்று நாம் நிபந்தனை போட்டால், தைவானில் சுவிசேஷம் சொன்னவருக்கும் நமக்கும் வேறுபாடு இராது. வாசலை அடைக்காதீர்கள்: எல்லாத் தெருவும், எல்லா வீட்டுப் பெண்ணும் வரும் நாள்வரை களம் நிறையவில்லை என்றே கொள்ளுங்கள். குளத்து நீரை இறைத்துக் கொட்டத் துணிந்தவர்கள் கான்சாஸிலும் இருந்தார்கள், நம்மிடையிலும் இருக்கிறார்கள். அருவியை இறைக்க எவராலும் ஆகாது. குற்றாலத்துக்கு இத்தனை அருகே வாழும் நாம் கட்டும் ஆடுகளம், அருவி போல் இருக்கட்டும். வந்தவரையெல்லாம் நனைக்கட்டும்; வந்தவர் யாரென்று கேட்காதிருக்கட்டும்!